அது குப்பை இல்லை, பின்னம்

முந்தாநாள் முதல் அந்தப் படம் சுற்றிக்கொண்டிருக்கிறது. நானே ஆசையாகப் போட்ட படம்தான். என் வகுப்புப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து காகிதப் பட்டைகளை மடித்துக்கொண்டிருப்பார்கள். கீழே கிடந்த துண்டுகளைச் சிவப்பில் வட்டமிட்டு, "கணக்கு வகுப்பா, குப்பை வகுப்பா?" என்று எழுதிப் பரப்பியது யார் என்று உங்களில் பலருக்குத் தெரியும். பெயர் வேண்டாம். பதில் மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அது கணக்கு வகுப்புதான்.

அன்று கரும்பலகையில் 1/4, 1/8 என்று எழுதி எது பெரிது என்று கேட்டேன். பாதிக்கு மேல் கைகள் 1/8க்குத்தான் எழுந்தன. எட்டு நாலைவிடப் பெரியதுதானே என்று முதல் பெஞ்சில் ஒருத்தி அடித்துச் சொன்னாள். நான் திருத்தவில்லை. ஒரே நீளத்தில் வெட்டிய பட்டைகளைக் கையில் கொடுத்தேன். ஒரு மடிப்பு மடித்தால் அரை. இன்னொன்று மடித்தால் கால். மூன்றாவது மடிப்பை அவள் நகத்தால் அழுத்தித் தேய்த்தாள். பிரித்து, கிழித்து, 1/8 துண்டைத் தூக்கி 1/4 துண்டின் மேல் வைத்தாள். எடுத்தாள். மறுபடியும் வைத்தாள். அப்புறம் மெதுவாக, "மிஸ், நிறையப் பேருக்குப் பிரிச்சா ஆளுக்குக் கொஞ்சம்தானே வரும்?" என்றாள். அந்த வாக்கியத்தை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. எந்த விதியும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தத் துண்டு சொல்லிக்கொடுத்தது.

விதியைச் சொன்னால் பத்து நிமிடத்தில் முடிகிற பாடம் என்கிறார்கள் அந்தப் படத்தைப் பகிர்கிறவர்கள். முடியும். எனக்கும் பத்து நிமிடத்தில்தான் முடித்தார்கள். 1/2 + 1/3க்கு மேலே மேலே கூட்டி, கீழே கீழே கூட்டி 2/5 என்று எழுதினேன். மீ.பொ.ம. (மீச்சிறு பொது மடங்கு) எடுக்கத் தெரியாதா என்று திட்டு வாங்கினேன், ஐம்பது தடவை எழுதினேன். 2/5 அரையைவிடச் சின்னது, அரையோடு ஒன்றைக் கூட்டிய பிறகு அது எப்படிக் குறையும் என்று ஒருவர்கூட என்னிடம் கேட்கவில்லை. அரை மணி நேரமும் இருபது நிமிடமும் சேர்ந்தால் ஐம்பது நிமிடம், அதாவது மணியில் 5/6 பங்கு. இதை ஒரு கடிகாரத்தில் காட்டியிருந்தால் அன்றைக்கே புரிந்திருக்கும். அதற்குப் பதிலாகப் பல வருடம் கணக்கு எனக்கு வராது என்றே நம்பிக்கொண்டிருந்தேன். அந்த வலி தெரிந்துதான் பட்டை வெட்டுகிறேன்.

நான் ஒருத்தி மட்டுமில்லை. 1978-இல் அமெரிக்காவில் நடந்த தேசிய மதிப்பீட்டில் 12/13 + 7/8 ஏறத்தாழ எவ்வளவு என்று 13 வயதுப் பிள்ளைகளைக் கேட்டார்கள். இரண்டுமே ஒன்றுக்குப் பக்கத்தில், ஆக விடை 2. அதைத் தேர்ந்தவர்கள் 24 சதவீதம்தான். பாதிக்கும் மேற்பட்டவர்கள் 19 அல்லது 21 என்றார்கள். மேலே உள்ள தொகுதியைத் தொகுதியோடும் கீழே உள்ள பகுதியைப் பகுதியோடும் கூட்டியிருக்கிறார்கள். விதி படிக்காத பிள்ளைகளா அவர்கள்?

தேர்வுக்குப் பட்டையைக் கொண்டுபோக முடியுமா என்று ஒருவர். வேண்டாமே. மடித்த கைக்கு மனதில் படம் நிற்கும். 3/4 ÷ 1/8 என்றால் தலைகீழாக்கிப் பெருக்கு, சரி, விடை 6. ஏன் 6? முக்கால் பட்டையின் மேல் 1/8 துண்டுகளை அடுக்கினால் ஆறு உட்காரும். வகுத்தால் குறையத்தானே வேண்டும் என்ற குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். விதியை அதற்குப் பிறகு நானும் சொல்லிக்கொடுக்கிறேன். யாரும் விதியை ஒழிக்கச் சொல்லவில்லை.

நேரம் போதாது என்பதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். இரண்டு பாடவேளை போனது உண்மை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெறுமனே வண்ணம் தீட்டி, கைதட்டிக் கலைந்தால் அது பின்னம் ஆகாது. பட்டைகளின் நீளம் ஆளுக்கு ஆள் மாறினால் ஒருவருடைய பாதி இன்னொருவருடைய காலைவிடச் சின்னதாகி, தப்பான பாடம் பதிந்துவிடும். அதனால்தான் முந்தின இரவு உட்கார்ந்து ஒவ்வொன்றாக அளந்து வெட்டினேன். அந்த இரவைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

"விளையாட்டு காட்டுகிறார்" என்ற வார்த்தைதான் இன்னும் உறுத்துகிறது. பிள்ளைகள் சிரித்தால் பாடம் நடக்கவில்லை என்று யார் முடிவு செய்தது? கை கட்டி, வாய் பொத்தி, ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்த வகுப்பை யாராவது படம் பிடித்து வட்டமிட்டார்களா? நான் அப்படிப்பட்ட வகுப்பில் வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் வட்டமிடவில்லை.

நாளை மூன்றாகவும் ஐந்தாகவும் பிரிக்கப் போகிறோம். பாதி பாதியாக மடித்தால் அது வராது. கோடு போட்ட தாளின் மேல் பட்டையைச் சாய்த்து வைத்து, ஒரு முனை முதல் கோட்டிலும் மறுமுனை ஆறாவது கோட்டிலும் படுமாறு நகர்த்தினால் ஐந்து சமபாகம் தானாகக் கிடைக்கும். செய்து பாருங்கள்.

அப்புறம், நீங்கள் சிவப்பில் வட்டமிட்ட அந்தத் துண்டு இப்போது என் பையில் இருக்கிறது. பின்பக்கம் பென்சிலால் 1/8 என்று எழுதி, கீழே தன் பெயரையும் எழுதியிருக்கிறாள்.