துப்பாக்கி லைசென்ஸ் இருந்தால் வீட்டில் தோட்டா நிரப்பலாமா?

“கைத்துப்பாக்கி லைசென்ஸ் இருந்தால் போதும், காலித் தோட்டாவில் வீட்டிலேயே மருந்து நிரப்பிக்கொள்ளலாம்” என்று மதுரைப் பக்க வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு நிரப்புவது பரவலான பொழுதுபோக்கு. கூடவே வரும் வீடியோவும் அங்கத்தியதுதான். இங்கே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில், துப்பாக்கி வைத்திருப்பதற்கு 3ஆம் பிரிவு, தோட்டா தயாரிப்பதற்கு 5ஆம் பிரிவு. அதற்கு வாங்கிய லைசென்ஸ் இதற்குச் செல்லாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, 5ஆம் பிரிவை மீறித் தயாரித்தால் குறைந்தது 7 ஆண்டு சிறை. ஆயுள் தண்டனை வரைக்கும் போகலாம்.

அப்புறம், “சிவகாசி மருந்தே போதும்” என்று ஒரு வால் வேறு! பட்டாசு மருந்து எரியும் விதமே வேறு. துப்பாக்கி வெடித்துச் சிதறினால் சுடுகிறவர் கைதான் முதலில் போகும்.