வெடித்துச் சிதறாத கோள்

நேற்று மாலை பெங்களூர் அல்சூரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மகளின் அறிவியல் நோட்டைப் புரட்டியபோது மனம் கொதித்துவிட்டது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே இருந்த ஒரு கோள் வெடித்ததாம்; அதன் துண்டுகள்தான் சிறுகோள்களாம். சிவப்பு மையில் சரி வேறு போட்டிருந்தது!

1801இல் வானியலாளர் பியாசி முதல் சிறுகோளான சீரிஸைக் கண்டார். மறு ஆண்டே இரண்டாவதான பல்லாஸைக் கண்ட வானியலாளர் ஓல்பர்ஸ், ஒரு கோள் உடைந்திருக்குமோ என்று ஊகித்தார். அன்றைக்கு அது நல்ல ஊகம். இன்றும் அதையே பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது அநியாயம்.

என்னிடம் ஒரு விண்கல் சில்லு இருக்கிறது. நண்பர் கொடுத்தது, நகத்தளவுதான். லென்ஸ் வைத்துப் பார்த்தால் சாம்பல் நிறக் கல்லுக்குள் கடுகு கடுகாக உருண்டைகள், இடையிடையே இரும்பின் மினுக்கு. சூரியன் பிறந்த காலத்துத் தூசி உருகித் துளியாகி உறைந்த உருண்டைகள் அவை. வயது ஏறத்தாழ 456 கோடி ஆண்டுகள். இந்தக் கல் ஒரு பெரிய கோளுக்குள் இருந்திருந்தால் அந்தச் சூட்டில் எல்லாம் உருகி, இரும்பு அடியில் போய்த் தங்கியிருக்கும். உருண்டை ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. இதே வகைக் கல்தான் இடோகாவா சிறுகோள் என்பதை, ஜப்பானின் ஹயபுசா விண்கலம் 2010இல் கொண்டுவந்த தூசி காட்டிவிட்டது.

உருகிய சிறுகோள்களும் உண்டு. வெஸ்டா என்ற சிறுகோளின் மேற்பரப்பு எரிமலைப் பாறை. கரிய, கார்பன் மிகுந்தவைதான் பெரும்பான்மை. அவற்றில் ஒன்றான பென்னுவிலிருந்து 2023இல் வந்த 121.6 கிராம் மண்ணில் நீரில் ஊறிய களிமண்ணும் உப்புகளும் புரதங்களைக் கட்டும் அமினோ அமிலங்களில் 14 வகைகளும் கிடைத்தன. ஒரே கோளின் துண்டுகள் இத்தனை விதமாக இருக்குமா? மோதி உடைந்தவை ஏராளம், பென்னுவே அப்படிச் சேர்ந்த கற்குவியல்தான். ஆனால் உடைந்தவை பல சிறு உலகங்கள். அவை ஒன்றுகூடிக் கோளாகாமல் வியாழனின் ஈர்ப்பு கலைத்துக்கொண்டே இருந்தது. இன்று செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள அந்தச் சிறுகோள் பட்டையில் மிஞ்சிய மொத்தப் பொருளும் நிலவின் எடையில் சுமார் 3 சதவீதம்தான்.

இதில் நமக்கும் பங்கு உண்டு. 1861இல் சென்னை வானாய்வகத்தில் வானியலாளர் போக்சன் கண்ட சிறுகோளுக்கு ஏசியா என்று பெயர். அந்த ஆய்வகத்தின் வழிவந்த இந்திய வானியற்பியல் நிறுவனம் இதே பெங்களூரில், கோரமங்கலாவில் இருக்கிறது. அதன் காவலூர் ஆய்வகத்தில் 1988இல் கண்ட சிறுகோளுக்கு ராமானுஜன் பெயர். இந்த ஊர்ப் பிள்ளையின் நோட்டில் பிழை இருக்கலாமா?

பென்சிலால் ஓரத்தில் திருத்தி எழுதினேன். சில்லையும் லென்ஸையும் காகிதத்தில் மடித்து, ஆசிரியரிடம் காட்டச் சொல்லி அவள் பையில் வைத்துவிட்டு வந்தேன்.