பலவானை மூன்றாக வெட்டினால் கடல் யார் கணக்கில் வரும்?

2021 மார்ச் 13 அன்று பிலிப்பைன்ஸின் பலவான் மாகாணத்தில் ஒரு பொதுவாக்கெடுப்பு நடந்தது. மாகாணத்தை மூன்றாகப் பிரிக்கலாமா வேண்டாமா என்பதுதான் கேள்வி. கொரோனா இன்னும் அடங்காத நேரம். முகக்கவசத்துக்கு மேலே பிளாஸ்டிக் தடுப்பையும் மாட்டிக்கொண்டு மக்கள் வாக்குச்சாவடிக்குப் போனார்கள். அந்த வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயர் எதுவும் இல்லை. ஒரு கேள்வி இருக்கும், பதிலுக்கு ஒரு காலி இடம் இருக்கும், அதில் ஆம் அல்லது இல்லை என்று வாக்காளர் தன் கையால் எழுத வேண்டும். 1,22,223 பேர் ஆம் என்று எழுதினார்கள். 1,72,304 பேர் இல்லை என்று எழுதினார்கள். பிரிவினை அத்தோடு முடிந்தது.

அரசாங்கம் பக்கத்தில் வருகிறேன் என்றால் எந்த மக்களாவது வேண்டாம் என்பார்களா, பயமுறுத்தி எழுத வைத்துவிட்டார்கள் என்று இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடு கிடையாது. அந்த மக்கள் எழுதிய பதில் சரியான பதில். அவர்களிடம் கேட்ட கேள்விதான் தவறு. தீவுக்கூட்டத்தில் வாழ்கிறவர்களுக்கு அரசு எட்டாமல் இருப்பதற்கு மாகாணம் பெரிதாக இருப்பது ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், அவர்கள் பிழைப்பு நடக்கிற கடலை அந்த நாட்டின் உள்ளாட்சிச் சட்டம் கணக்கிலேயே எடுப்பதில்லை என்பது. அதைத் தொடாமல் மூன்றாக வெட்டினாலும் முப்பதாக வெட்டினாலும் கடைசித் தீவில் இருப்பவருக்கு ஒன்றும் மாறப்போவதில்லை.

பிரிக்கச் சொன்னவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. பரப்பளவில் பிலிப்பைன்ஸின் மிகப் பெரிய மாகாணம் பலவான். நீண்டு ஒடுங்கிய ஒரு பெரிய தீவு, அதைச் சுற்றிலும் 1,700க்கு மேற்பட்ட சின்னத் தீவுகள், 23 நகராட்சிகள். தெற்குக் கோடியில் இருக்கும் பலபக்கிலிருந்து பார்த்தால் மலேசியாவின் சபா பக்கம், தலைநகர் புவேர்ட்டோ பிரின்செசா தூரம். கிழக்கே சுலு கடலின் நடுவில் ககயான்சில்யோ என்று ஒரு நகராட்சி இருக்கிறது. அங்கிருந்து தலைநகருக்குக் கப்பல் தினமும் கிடையாது, காற்று பலமாக அடித்தால் இருக்கிற கப்பலும் கிளம்பாது. பிரசவம் சிக்கலானால் என்ன செய்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

நாடாளுமன்றப் பிரதிநிதித்துவத்தை எடுத்துக்கொண்டால் இன்னும் மோசம். மாகாணத்தின் முதல் தொகுதியில் மட்டும் 15 நகராட்சிகள். வடக்கே கொரோன், கிழக்கே சுலு கடலில் ககயான்சில்யோ, மேற்கே தென்சீனக் கடலில் பாக்-அசா தீவை மையமாக வைத்த கலாயான், இத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு உறுப்பினர். இரண்டு கடல்களைத் தாண்டிப் பரவியிருக்கிற ஒரு தொகுதியை ஒருவர் எப்படிச் சுற்றி வருவார்? வரமாட்டார். வந்தாலும் தேர்தலுக்கு முன்னால் வருவார்.

சரி, பிரித்தால் இதெல்லாம் சரியாகியிருக்குமா? 2019 ஏப்ரலில் அதிபர் டுட்டெர்ட்டே கையெழுத்திட்ட குடியரசுச் சட்டம் 11259 என்ன சொன்னது என்று கொஞ்சம் உட்கார்ந்து பார்த்தால் புரியும். வடக்கு மாகாணத்துக்கு 6 நகராட்சிகள், தலைநகர் தைதை. கிழக்குக்கு 8, தலைநகர் ரோஹாஸ். தெற்குக்கு 9, தலைநகர் புரூக்ஸ் பாயிண்ட். மூன்று தலைநகரங்களும் பெரிய தீவில்தான் இருக்கின்றன! ககயான்சில்யோக்காரர் முன்பு சுலு கடலைக் கடந்து புவேர்ட்டோ பிரின்செசாவுக்குப் போனார் என்றால், பிரித்த பிறகு அதே சுலு கடலைக் கடந்து ரோஹாஸுக்குப் போக வேண்டும். ரோஹாஸில் இறங்கி, பெரிய ஆஸ்பத்திரி வேண்டும் என்றால் மறுபடியும் புவேர்ட்டோ பிரின்செசாவுக்கு பஸ் ஏற வேண்டும். கலாயான் கதை இதைவிடக் கொடுமை. அதைத் தெற்கு மாகாணத்தோடு சேர்த்தார்கள். அதன் தலைநகரான புரூக்ஸ் பாயிண்ட், பெரிய தீவின் கிழக்குக் கரையில் சுலு கடலைப் பார்த்தபடி இருக்கிறது. பாக்-அசா இருப்பதோ வடமேற்கே 450 கிலோமீட்டருக்கு அப்பால். வரைபடத்தை ஒரு தடவை விரித்துப் பார்த்திருந்தால்கூட இப்படி எழுதியிருக்க முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சாலை போகிற ஊர்களை மனதில் வைத்து எழுதிய சட்டம் அது. படகு மட்டுமே போகிற ஊர்கள் எங்கேயோ ஒட்டிக்கொள்ளட்டும் என்று விடப்பட்டன.

ஆனால் பதவிகள் மட்டும் நிச்சயம் கூடியிருக்கும். அங்கே மாகாண ஆளுநரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு ஆளுநர், ஒரு துணை ஆளுநர், ஒரு மாகாண சபை என்று இருந்தது எல்லாமே மும்மடங்காகும். அரசியல் வாரிசுக் குடும்பங்களுக்குத் தடை என்று 1987 அரசியலமைப்பில் ஒரு வரி இருக்கிறது, ஆனால் அதைச் சட்டம் இயற்றித்தான் வரையறுக்க வேண்டும் என்றும் சேர்த்து எழுதிவிட்டார்கள். வாரிசுகள் நிரம்பிய நாடாளுமன்றம் இத்தனை ஆண்டுகளில் அந்தப் பொதுச் சட்டத்தை இயற்றவே இல்லை. இளைஞர் மன்றத் தேர்தலுக்கு மட்டும் 2016இல் உறவினர் தடை வந்தது. ஆளுநர் நாற்காலிக்கும் மேயர் நாற்காலிக்கும் எதுவும் இல்லை. இந்த நிலையில் புதிய மாகாணம் என்றால் பல இடங்களில் குடும்பத்தில் அடுத்தவருக்கு ஒரு புது நாற்காலி என்று பொருள். பலவானை ஒன்றாகவே வைத்திருக்கச் சொல்லிப் பிரசாரம் செய்தவர்கள் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அதிகாரத்தில் இருந்தவர்களின் பணபலத்துக்கு எதிரே நின்று, நோய்க்காலத்தில் கூட்டம் கூட முடியாத நிலையில், ஐம்பதாயிரம் வாக்கு வித்தியாசத்தில் அவர்கள் ஜெயித்தது சாதாரண விஷயம் இல்லை.

இன்னொன்று. புவேர்ட்டோ பிரின்செசா மக்கள் இந்த வாக்கெடுப்பில் வாக்களிக்க முடியவில்லை. 2007இல் அது தனி அந்தஸ்துள்ள பெருநகரமாக ஆனதால் அங்குள்ளவர்கள் ஆளுநர் தேர்தலிலும் வாக்களிப்பதில்லை, அதனால் பிரிவினை அவர்களைப் பாதிக்காது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டப்படி சரியாக இருக்கலாம். மாகாணத்தின் தலைமை அலுவலகம் அவர்கள் ஊரில் இருக்கிறது, சொந்தபந்தம் எல்லா நகராட்சிகளிலும் இருக்கிறது, ஆனாலும் பேச்சுக்கு இடமில்லை. எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன், பணம்.

பிலிப்பைன்ஸில் 1991 உள்ளாட்சிச் சட்டப்படி தேசிய வரியில் ஒரு பங்கு மாகாணங்களுக்கும் நகரங்களுக்கும் நகராட்சிகளுக்கும் பரங்காய் என்ற கீழ்மட்ட ஊர் அமைப்புகளுக்கும் போகிறது. 2018இல் உச்ச நீதிமன்றம் மண்டனாஸ் வழக்கில், உள்நாட்டு வரியோடு நிறுத்தாமல் எல்லாத் தேசிய வரிகளையும் சேர்த்துத்தான் பங்கு கணக்கிட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது, 2022 முதல் அது நடைமுறைக்கும் வந்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அந்தப் பங்கை மாகாணங்களுக்கிடையிலும் நகராட்சிகளுக்கிடையிலும் பிரிக்கிற சூத்திரம் பழையதுதான்: மக்கள்தொகைக்கு 50 சதவீதம், நிலப்பரப்புக்கு 25 சதவீதம், எல்லோருக்கும் சமமாக 25 சதவீதம். நிலப்பரப்பு என்றால் நிலம் மட்டும். கரையிலிருந்து 15 கிலோமீட்டர் வரை நகராட்சிக் கடல் என்று அதே நாட்டின் சட்டம் சொல்கிறது, அதைக் காவல் காக்கிற பொறுப்பையும் நகராட்சியின் தலையில்தான் வைக்கிறது, ஆனால் பணம் கொடுக்கும்போது அந்தக் கடல் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ககயான்சில்யோவையே எடுத்துக்கொள்ளுங்கள். நிலம் மொத்தமாக முப்பது சதுர கிலோமீட்டர்கூடத் தேறாது. ஆனால் யுனெஸ்கோ 1993இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த துபத்தாகா பவளத்திட்டு இந்த நகராட்சியின் ஆளுகைக்குள்தான் வருகிறது. அந்தக் காப்பகம் மட்டும் 97,030 ஹெக்டேர், அதாவது 970 சதுர கிலோமீட்டர். அதற்கு நடுவில் ஒரு மணல்திட்டில் காவலர்கள் தங்கும் நிலையம் இருக்கிறது. கடற்படை, கடலோரக் காவல்படை ஆட்களோடு ககயான்சில்யோ நகராட்சியின் ஆட்களும் அங்கே முறைவைத்து, மாதக்கணக்கில் கரையைப் பார்க்காமல் தங்கிக் காவல் காக்கிறார்கள். காப்பகத்தின் கட்டண வருமானத்தில் நகராட்சிக்கு ஒரு சிறு பங்கு வருகிறது, உண்மை. ஆனால் தேசிய நிதிப் பங்கீட்டில் இந்த நகராட்சி ஒரு குட்டித் தீவு, சில ஆயிரம் பேர், அவ்வளவுதான். காவல் படகுக்கு எண்ணெய் போட, வயர்லெஸ் வாங்க, கடலில் மாட்டிக்கொண்டவரைத் தூக்கி வர ஆகிற செலவுக்கு அந்தச் சூத்திரத்தில் இடமே கிடையாது. தரையில் ஒரு கிலோமீட்டர் ரோடு போடுகிற ஊருக்கும், கடலில் நூறு கிலோமீட்டர் ரோந்து போகிற ஊருக்கும் ஒரே அளவுகோல் வைப்பது நியாயமா?

மலம்பாயா எரிவாயு விவகாரத்திலும் இதே அநியாயம்தான். பலவானின் வடமேற்கே சுமார் 80 கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்கு அடியில் எரிவாயு. அங்கிருந்து 504 கிலோமீட்டர் குழாய் போட்டு லூசோன் தீவின் பட்டாங்காஸுக்குக் கொண்டுபோய் மின்சாரம் எடுக்கிறார்கள். தன் எல்லைக்குள் கிடைக்கிற இயற்கை வளத்திலிருந்து தேசிய அரசுக்கு வரும் வருமானத்தில் உள்ளாட்சிக்கு 40 சதவீதப் பங்கு உண்டு என்று சட்டம் இருக்கிறது. பலவான் கேட்டது. பல ஆண்டுகள் இழுத்த வழக்கில் 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது, அந்த வயல் உங்கள் ஆட்சி எல்லைக்குள் இல்லை, பங்கு கிடையாது என்று. பட்டாங்காஸில் அந்த எரிவாயுவில் மின்நிலையங்கள் ஓடுகின்றன. பலவானோ தேசிய மின்தொகுப்போடு இணையாத தீவு, பெரும்பாலும் எண்ணெயில் ஓடும் ஜெனரேட்டர்களை நம்பியிருக்கிறது, மின்வெட்டு அங்கே அன்றாடப் பேச்சு. இந்தப் பணத்தைப் பற்றிக் கேள்வி கேட்பது உயிருக்கே ஆபத்தாகவும் இருந்திருக்கிறது. மலம்பாயா நிதி எங்கே போனது என்று வானொலியில் தொடர்ந்து கேட்டவர், சுரங்கங்களை எதிர்த்தவர் கெர்ரி ஓர்ட்டேகா. அவரை 2011 ஜனவரி 24 அன்று புவேர்ட்டோ பிரின்செசாவில் சுட்டுக் கொன்றார்கள். உள்ளாட்சி நிதி என்றால் சலிப்பூட்டும் கணக்கு என்று நினைப்பவர்கள் இந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கடலைக் கணக்கில் எடுப்பதெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவராது என்று சொல்கிறவர்களுக்கு இதே மாகாணத்திலிருந்தே பதில் இருக்கிறது. கொரோன் தீவின் தக்பனுவா பழங்குடியினர் 1998இல் தங்கள் மூதாதையர் நிலத்துக்கு அரசின் அங்கீகாரம் வாங்கினார்கள். மொத்தம் 22,284 ஹெக்டேர், அதில் பெரும்பகுதி கடல்! மீன்பிடித்து, பறவைக்கூடு எடுத்து வாழ்கிற எங்களுக்குக் கடலும் மூதாதையர் சொத்துதான் என்று வாதாடி, வரைபடம் போட்டு, அரசை ஒத்துக்கொள்ள வைத்தார்கள். இன்றைக்கு அந்தத் தீவிலுள்ள கயங்கன் ஏரிக்குப் போகிற சுற்றுலாப் பயணி அவர்களிடம் கட்டணம் கட்டித்தான் செங்குத்தான படியேறிப் போக முடியும். புனிதமானவை என்று அவர்கள் சொல்கிற மற்ற ஏரிகளுக்கு எவ்வளவு பணம் கொடுத்தாலும் வழி கிடையாது. ஒரு சின்னச் சமூகத்தின் விஷயத்தில் கடலும் எல்லைதான் என்று ஒத்துக்கொண்ட அரசு, நகராட்சிக்குப் பணம் பிரிக்கும்போது மட்டும் ஏன் முடியாது என்கிறது?

ஒன்றாக இருந்ததால் என்ன லாபம் என்று கேட்பவர்களும் உண்டு. 2025 மார்ச்சில் பலவான் மாகாண சபை புதிய சுரங்கங்களுக்கு 50 ஆண்டுத் தடை போட்டது. தேவாலயங்களும் மக்கள் அமைப்புகளும் கொடுத்த அழுத்தத்தில் வந்த தடை அது. மாகாணம் மூன்றாகியிருந்தால் இந்தத் தடைக்காக மூன்று சபைகளின் கதவைத் தட்டியிருக்க வேண்டும், நிக்கல் சுரங்கங்கள் இருக்கிற தெற்கு மாகாணத்தில் அது நிறைவேறியிருக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

நகராட்சிக் கடலையும் பரப்பளவில் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை பிலிப்பைன்ஸில் புதிது இல்லை. அதற்கான சட்ட முன்வரைவுகள் நாடாளுமன்றத்துக்குப் போயும் இருக்கின்றன, சட்டமாகத்தான் ஆகவில்லை. கடலைச் சேர்த்தால் மலைப்பகுதி மாகாணங்களின் பங்கு குறையும் என்பது எதிர்ப்பவர்களின் வாதம். அது உண்மையான கவலைதான், அவர்களும் ஏழைகள்தான். அதனால் கடலுக்கு நிலத்தைப் போல முழு மதிப்புக் கொடுக்கச் சொல்லி நான் வாதாடவில்லை. ரோந்துக்கும் போக்குவரத்துக்கும் ஆகிற செலவை வைத்து ஒரு பகுதி மதிப்பாவது கொடுக்கலாம், அந்தப் பணத்தைத் தேசிய அரசின் பங்கிலிருந்தே எடுக்கலாம். அப்புறம், ஆளுநரின் நாற்காலியை நகர்த்துவதற்குப் பதிலாக ஆஸ்பத்திரிப் படகு, நிலப் பதிவு, பிறப்புச் சான்றிதழ் இவற்றை முறைவைத்துத் தீவு தீவாக அனுப்பலாம். அதற்குப் புது மாகாணமும் வேண்டாம், வாக்கெடுப்பும் வேண்டாம்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. அந்த 15 கிலோமீட்டர் கடலே இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. சிறு மீனவர்களுக்கு அதில் முன்னுரிமை என்று 1998 மீன்வளச் சட்டம் சொல்கிறது. வணிக மீன்பிடி நிறுவனம் ஒன்று தொடுத்த வழக்கில் 2023 டிசம்பரில் மலபோன் நகர நீதிமன்றம் அந்த முன்னுரிமை அரசியலமைப்புக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. ஏழு பாகத்துக்கு, அதாவது சுமார் 13 மீட்டருக்கு மேல் ஆழம் இருந்தால் பெரிய கப்பல் உள்ளே வரலாம் என்று அந்தத் தீர்ப்பு வழி திறந்தது. பல தீவுகளில் ஏழு பாக ஆழம் என்பது கரையில் நின்று கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். மீன்வளத் துறையின் மேல்முறையீட்டை 2024இல் உச்ச நீதிமன்றத்தின் ஓர் அமர்வு, தாமதமாக வந்தது உள்ளிட்ட காரணங்களைச் சொல்லித் தள்ளுபடி செய்தது. மீனவர் அமைப்புகளும் கடலோர நகராட்சிகளும் எதிர்த்துக் கிளம்பியிருக்கின்றன. பலவானில் பொதுவாக்கெடுப்புக்காக ஊர் ஊராகப் போய்ப் பேசியவர்கள் எல்லோரும், ஆம் பக்கம் நின்றவர்களும் சேர்த்துத்தான் சொல்கிறேன், இந்த விஷயத்தில் அவர்களோடு ஒரே பக்கம் நிற்க வேண்டும்.