பட்டாணியை விட்டு நம்ம வாழை மூட்டுக்கு வாருங்கள்

பத்தாம் வகுப்பு அறிவியலில் மரபியல் பாடம் கிரகோர் மெண்டலின் பட்டாணிச் செடியில் தொடங்குகிறது. தொடங்கட்டும். 1856 முதல் 1863 வரை ஒரு மடத்துத் தோட்டத்தில் நின்று நெட்டை எத்தனை, குட்டை எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்த மனிதர் அவர். 1866-ல் அச்சில் வந்ததை 1900 வரை உலகம் பொருட்படுத்தவில்லை. அந்தப் பொறுமையைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். என் ஆதங்கம் வேறு. குமரி மாவட்டத்துப் பிள்ளைக்கும் மரபியல் என்றால் பட்டாணி, பரிணாமம் என்றால் ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து, வகைப்பாடு என்றால் உருப்போட்ட லத்தீன் பெயர் என்று மூன்றும் மூன்று பக்கமாய்ப் போய்விடுகின்றன. மூன்றும் ஒன்றாய் நிற்கிற செடி வீட்டுப் புறவாசலில் குலை தள்ளி நிற்கிறது. அதைப் பற்றிக் கேட்டால் முதல் மதிப்பெண் எடுக்கிற பிள்ளையும் விழிக்கிறது.

மார்த்தாண்டம் பக்கத்தில் பல வருடமாய் உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு பையன் கேட்ட கேள்வியை என்னால் மறக்க முடியவில்லை. "டீச்சர், வாழைக்கு விதையே கெடையாதே. அப்ப அதுக்கு அம்மையும் அப்பனும் யாரு?"

இதைவிட நல்ல கேள்வியை எந்த வினாத்தாளிலும் நான் பார்த்ததில்லை.

யார் என்று சொல்கிறேன். நாம் தின்கிற வாழைகளில் பெரும்பாலானவற்றுக்கு மூதாதைகள் இரண்டு காட்டு வாழைகள்: மூசா அக்குமினேட்டா, மூசா பால்பிசியானா. இரண்டின் பழத்திலும் பல்லை உடைக்கிற கறுப்பு விதைகள் நிறைய இருக்கும், சதை கொஞ்சம்தான். முதலாவது தென்கிழக்காசியாவிலும் நியூ கினி பக்கமும் செழித்தது. நியூ கினியில் ஏறக்குறைய 7,000 ஆண்டுகளுக்கு முன்பே வாழை பயிரிட்டதற்குத் தடயம் கிடைத்திருக்கிறது. இரண்டாவது இந்தியாவிலும் காடாய் வளர்வது, வறட்சி தாங்குவது. மனிதர்கள் கன்றுகளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராய்ப் போனபோது இரண்டும் கலந்தன. மகரந்தம் சேராமலே காய் பருக்கிற குணம் எந்த மூட்டில், அதாவது எந்த வாழைச் செடியில் தென்பட்டதோ, அந்த மூட்டின் கன்றை நம் முன்னோர் பேணி நட்டார்கள். காட்டில் அந்தக் குணம் வந்திருந்தால் விதையில்லாத செடி அதோடு அழிந்திருக்கலாம். மனிதன் தேர்ந்தெடுத்ததால் பிழைத்தது.

முதல் மூதாதையின் குரோமோசோம் தொகுதியை ஏ என்றும், இரண்டாவதன் தொகுதியை பி என்றும் குறிப்பார்கள். ஒரு தொகுதியில் 11 குரோமோசோம்கள். நம்ம மட்டி ஏஏ, அதாவது 22. செந்துளுவன் ஏஏஏ. ஏத்தனும் (நேந்திரன்) பாளையங்கோட்டானும் ஏஏபி. மொந்தன், பேயன், கற்பூரவல்லி மூன்றும் ஏபிபி. மூன்று தொகுதி இருப்பவை எல்லாம் 33. விதை ஏன் பிடிப்பதில்லை என்ற கேள்விக்குப் பாதி விடை இங்கே இருக்கிறது. மகரந்தமும் சூல்முட்டையும் உண்டாகும்போது குரோமோசோம்கள் சோடி சேர்ந்து பிரிய வேண்டும். மூன்று பேரைக் கைகோத்து இரண்டிரண்டாய் நில்லுங்கள் என்றால் ஒருவர் தனியாய் நிற்பார் இல்லையா, அதேதான். கணக்கு தப்பிய செல்களிலிருந்து விதை உருவாவது அபூர்வம். பழத்தின் நடுவில் தெரிகிற கறுப்புப் புள்ளிகள், விதையாகாமல் நின்றுபோன சூல்கள்.

அந்தப் பையனுக்கு இன்னொன்றும் சொன்னேன், அவன் வாயைப் பிளந்தான். பெரும்பாலான செடிகளில் இலைக்குப் பச்சை கொடுக்கிற பசுங்கணிகமும், செல்லுக்கு ஆற்றல் தருகிற மைட்டோகாண்ட்ரியாவும் தாய்வழியாகத்தான் வரும். வாழையில் பசுங்கணிகம் அம்மை தருவது, மைட்டோகாண்ட்ரியா அப்பன் தருவது. ஆக ஒரு வாழையின் இரண்டு வழி வம்சத்தையும் தனித்தனியாய்ப் பின்தொடர முடிகிறது.

இனி வகைப்பாடு. லின்னேயஸ் 1736-ல் ஹாலந்தில் ஒரு செல்வந்தரின் கண்ணாடிக் கூடத்தில் வாழையைப் பூக்கவைத்து, அதற்காகவே ஒரு நூல் எழுதியவர். 1753-ல் மூசா பாரடிசியாக்கா என்று ஒரு சிற்றினத்துக்குப் பெயர் வைத்தார். 1759-ல் மூசா சேப்பியண்டம் என்று இன்னொன்றுக்கு. இரண்டும் சிற்றினமே இல்லை, இரண்டு காட்டு வாழைகளின் கலப்புகள் என்று பிற்பாடு தெளிவாயிற்று. வகைப்பாட்டின் தந்தை என்று நாம் படிக்கிறவரையே இந்தச் செடி குழப்பியிருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள், வகுப்பில் தூங்குகிற பிள்ளையும் நிமிர்ந்து உட்காரும்.

அந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1955-ல் சிம்மண்ட்ஸ், ஷெப்பர்டு என்ற இருவர் ஒரு வழி சொன்னார்கள். ஆய்வகமும் வேண்டாம், நுண்ணோக்கியும் வேண்டாம். பதினைந்து அடையாளங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். முழுக்க அக்குமினேட்டா என்றால் 15, முழுக்க பால்பிசியானா என்றால் 75. நம்ம ரகங்கள் இடையில் எங்காவது வந்து நிற்கும். இதைத்தான் பிள்ளைகளைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய்ச் செய்யச் சொல்கிறேன். ஒரு மட்டி இலையின் காம்பைக் குறுக்கே அறுங்கள். மேலே உள்ள பள்ளம் அகலமாய் விரிந்து, விளிம்புகள் இரண்டு பக்கமும் விலகி நிற்கும். பேயனிலோ மொந்தனிலோ அறுத்தால் அதே விளிம்புகள் உள்ளே வளைந்து ஏறக்குறைய ஒன்றையொன்று தொடும். ஏத்தன் இரண்டுக்கும் நடுவில். அடுத்து கூம்பை, அதாவது வாழைப்பூவைப் பாருங்கள். அக்குமினேட்டா வழியில் மடல் விரிந்ததும் பின்பக்கமாய்ச் சுருண்டுவிடும். பால்பிசியானா வழியில் மடல் தூக்கி நிற்கும், சுருளாது. தண்டில் கறுப்புத் திட்டு கூடுதலா குறைவா என்பதும் ஓர் அடையாளம். அறுத்து வைத்த காம்புகளை வரிசையாய் அடுக்கிப் பார்க்கிற பிள்ளைக்கு "பண்பு", "மரபு", "இனம்" என்ற சொற்களுக்கு யாரும் வரையறை எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை.

அங்கேயே நின்று பக்கத்தில் உள்ள மஞ்சளையும் இஞ்சியையும் பூவுக்காக வைக்கிற கல்வாழையையும் காட்டுங்கள். குருத்து சுருட்டிய பாயைப் போல வருகிறதா, நடு நரம்பிலிருந்து பக்க நரம்புகள் இணை இணையாய் ஓடுகின்றனவா என்று தொட்டுப் பார்க்கட்டும். இவையெல்லாம் ஒரே வரிசையைச் சேர்ந்த சொந்தங்கள்.

இனி என்னை உண்மையில் பயப்படுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன்.

நெட்டைத் தென்னையில் மகரந்தம் பெரும்பாலும் வேறு மரத்திலிருந்து வரும். அதனால் ஒரே தாய்மரத்துத் தேங்காய்களை முளைக்கவைத்தாலும் பிள்ளைகள் ஒன்றுபோல் இருக்காது. நோய் வந்தால் சில சாகும், சில தாக்குப்பிடிக்கும். தாக்குப்பிடித்தது அடுத்த தலைமுறைக்கு விதை கொடுக்கும். 1859-ல் டார்வின் சொன்னதன் சாரம் இவ்வளவுதான். வாழைக்கு இந்த வாய்ப்பு இல்லை. கன்று தாயின் நகல். ஒரு வயலில் நிற்கிற ஆயிரம் ஏத்தனும் மரபுப்படி ஏறக்குறைய ஒரே செடி. ஒன்றைக் கொல்லக் கற்றுக்கொண்ட கிருமி ஆயிரத்தையும் கொல்லக் கற்றுக்கொண்டுவிட்டது. கிருமியோ ஒரே இடத்தில் நிற்பதில்லை. கோடிக்கணக்கில் பெருகுகிறது, பெருகும்போதெல்லாம் சிறு சிறு மாற்றம் வருகிறது, அதில் பலிக்கிற மாற்றம் தங்கிவிடுகிறது.

இது நடந்த கதை. ஒரு காலத்தில் உலகச் சந்தை முழுக்க குரோ மிசேல் என்ற ஒற்றை வாழை. பனாமா வாடல் என்கிற மண் பூஞ்சை நோய் அதைத் தோட்டம் தோட்டமாய்த் தின்றது. 1950, 60-களில் வியாபாரிகள் அதைக் கைவிட்டு கேவண்டிஷுக்கு மாறினார்கள். நம்ம கடைகளில் தொங்குகிற ரொபஸ்டாவும் ஜி-9-ம் அந்தக் குடும்பம்தான். இப்போது அதே பூஞ்சையின் டி.ஆர்.4 என்ற புதிய வகை கேவண்டிஷைத் தாக்குகிறது. 2019-ல் கொலம்பியா வரை போய்விட்டது. நம் நாட்டில் பீகாரில் கண்டுபிடித்திருக்கிறார்கள். மண்ணுக்குள் போனால் பத்தாண்டுக் கணக்கில் கிடக்கும். மருந்தடித்துத் தீர்க்கிற நோயில்லை.

குலசேகரம், அருமனை பக்கத்து ரப்பர்த் தோட்டங்களுக்கும் இதே ஆபத்துதான். ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 என்ற ரப்பர் ரகத்தின் ஒரே தாய்மரத்து ஒட்டுகள் மலை மலையாய் நிற்கின்றன. அதற்குத் தனிப் பதிவு வேண்டும்.

வாழை மாறவே மாறாதா என்று கேட்டால், மாறும், மிக அபூர்வமாய். செந்துளுவன் தோட்டத்தில் சிலநேரம் ஒரு மூடு மட்டும் பச்சைக் குலை தள்ளும். யாரோ கன்றை மாற்றித் தந்துவிட்டார்கள் என்று சண்டைகூட வரும். கன்றின் வளர்நுனியில் உள்ள செல்களில் ஏற்பட்ட மாற்றம் அது. இப்படித் தற்செயலாய் வருவதை நம்பி ஒரு மாவட்டமே உட்கார்ந்திருக்க முடியாது.

மத்தியப் பாடத்திட்டத்தில் 2023-ல் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதியை எடுத்துவிட்டு மரபியலை மட்டும் வைத்தார்கள். தமிழ்நாட்டுப் பாடநூலில் அது இருக்கிறது, அதற்கு நன்றி. பரிணாமம் இல்லாமல் மரபியலைப் படித்த பிள்ளைக்கு, போன வருடம் செத்துப்போன தோட்டத்தில் இந்த வருடமும் அதே கன்றை ஏன் நடக்கூடாது என்பது புரியாது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு வயலுக்குப் போகிற பிள்ளைக்குத்தான் இது முதலில் தெரிந்திருக்க வேண்டும். சுமை குறைக்கிறோம் என்ற பெயரில் அதை எடுத்தது தவறு. இதை எங்கே கேட்டாலும் சொல்வேன்.

ஓகி புயல் 2017 நவம்பர் 30 அன்று எங்கள் பக்கத்து வாழையை எல்லாம் சாய்த்துப் போட்டது. மறுபடி நட்டவர்கள் விலை போகிறது என்று ஏத்தனையே நட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, கடன் அடைக்க வேண்டும். ஆனால் ஓரத்தில் நின்ற துளுவனும் சிங்கனும் படத்தியும் அதோடு பல வீடுகளில் இல்லாமல் போயின. நம்ம கன்னியாகுமரி மட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம். இரண்டு தொகுதி மட்டும் உள்ள இத்தகைய ரகங்கள்தான் புதிய வாழையை உருவாக்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் கைகொடுப்பவை. குறியீடு சான்றிதழில் இருந்தால் போதாது, மூடு மண்ணில் நிற்க வேண்டும்.

தலைமை ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். பள்ளி வளாகத்தில் கைகழுவுகிற தண்ணீர் போகிற இடத்தில் மட்டி, செந்துளுவன், ஏத்தன், பாளையங்கோட்டான், பேயன், மொந்தன் ஒவ்வொரு மூடு வையுங்கள். கூடவே மஞ்சளும் கல்வாழையும். எட்டாம் வகுப்பிலிருந்தே அது பயன்படும்.

எங்கள் தோட்டத்தில் இப்போது மட்டிக் கன்றும் பேயன் கன்றும் இருக்கின்றன. பள்ளிக்கு என்றால் உள்பெட்டியில் சொல்லுங்கள், தோண்டித் தருகிறேன், காசு வேண்டாம். உங்களிடம் படத்தியோ சிங்கனோ இருந்தால் எனக்கு ஒரு கன்று தாருங்கள். கொடுக்கும் முன் தாய்மூட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள். இலைகள் குறுகி உச்சியில் கொத்தாய் நின்றாலோ, காம்பில் கரும்பச்சைக் கீற்றுகள் விட்டு விட்டுத் தெரிந்தாலோ அது முடிக்கொத்து நோய். அசுவினிப் பூச்சியும் கன்றும்தான் அதைப் பரப்புகின்றன. அந்த மூட்டில் கன்று எடுக்காதீர்கள், கிழங்கோடு தோண்டி அழித்துவிடுங்கள்.