பல் செட்டு எங்கே?

போன மாதம் எலும்பு வார்டு போஸ்டிங், அதாவது மாணவிகளை வார்டுக்குக் கூட்டிப்போய்ப் பழக்குவது. கடைசி வருஷ பி.எஸ்சி. நர்ஸிங் பிள்ளைகள் எட்டுப் பேர் என்னோடு. அதில் வகுப்பில் முதல் மூன்று இடத்துக்குள் வருகிற ஒருத்தி, தன் கேர் பிளானை, அதாவது ஒரு நோயாளிக்கு என்னென்ன கவனிப்பு என்று எழுதும் திட்டத்தை, நீட்டினாள். எழுபத்தாறு வயது ஆத்தா. வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, காலில் எடை கட்டித் தொங்கவிட்டு, ஆபரேஷனுக்குக் காத்திருக்கிறார். பிளான் அச்சடித்த மாதிரி இருந்தது. பசியின்மையால் ஊட்டச்சத்துக் குறைவு, படுத்தே இருப்பதால் மலச்சிக்கல், படுக்கைப் புண் வரும் அபாயம். ஒவ்வொன்றுக்கும் ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் அடிக்கோடு வேறு.

"ஆத்தாவோட வாயைப் பாத்தியா?"

"வாயா மேம்?"

கட்டிலுக்குப் போனோம். திறந்த வாயில் ஒரு பல் இல்லை. நாக்கு மேல் வெள்ளையாகத் தடித்த படிவு, உதட்டோரம் வெடிப்பு. பல் செட்டு எங்கே ஆத்தா என்றதும் மருமகளைக் கை காட்டினார். மருமகள் கட்டிலுக்கடியில் கிடந்த கட்டைப் பையைத் துழாவி ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தார். சேர்த்த அன்றைக்குக் கழற்றிக் கையில் கொடுத்தது, அப்படியே இருக்கிறது. ஆறு நாளாக ஆத்தாவுக்கு டீயில் நனைத்த பன்னும் கஞ்சியும். ஆறு நாளாக கேஸ் ஷீட்டில் 'பசி இல்லை'.

தண்ணீர் ஏன் குடிப்பதில்லை என்ற கேள்விக்கு மருமகள் கேன்டீனுக்குப் போன பிறகுதான் பதில் வந்தது. "தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வரும்ல தாயி. அவளை எத்தனை தடவதான் எழுப்புறது?"

மலச்சிக்கல் எங்கிருந்து வந்தது என்று இனிமேல் யாரும் சொல்ல வேண்டாம். கேர் பிளானில் அதற்கு நேரே 'அதிக நீர் அருந்த ஊக்குவிக்கவும்' என்று அழகான கையெழுத்தில் ஒரு வரி இருந்தது.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. முதல் வருஷத்தில் அவளுக்கு வாய் பராமரிப்பு, பெட்பேன் வைப்பது, ஸ்பாஞ்ச் பாத் (ஈரத்துணியால் உடம்பு துடைப்பது) எல்லாம் சொல்லிக் கொடுத்ததே நான்தான். டெமோ லேபில், பொம்மைக்கு. பொம்மை கனக்காது. கூச்சப்படாது. "மருமக தூங்கட்டும்" என்று அடக்கிக்கொண்டு கிடக்காது. ட்ரேயில் கிட்னி ட்ரே, காஸ், ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ், மெக்கின்டாஷ் (ரப்பர் விரிப்பு) எல்லாம் வரிசையாக இருக்கும். பெட்பேனை வெந்நீர் ஊற்றி வெதுவெதுப்பாக்கித் துடைத்து எடுத்துப் போக வேண்டும் என்று நோட்டில் எழுதிக்கொள்வார்கள். (நான் படித்தபோதும் எழுதினேன். சூடாக்கிய பெட்பேனை எந்த வார்டிலும் இன்றுவரை பார்த்ததில்லை.) ஸ்கிரீன் வைத்து மறைக்க வேண்டும் என்பதற்குத் தனி மார்க். வார்டில் நாற்பது கட்டிலுக்கு ஒரே ஸ்கிரீன், அதற்கும் ஒரு சக்கரம் கிடையாது.

பொம்மைக்குச் செய்துகாட்டினால் லாக் புக்கில் கையெழுத்து. அதோடு அந்தப் பாடம் முடிந்தது. 2021-22லிருந்து செமஸ்டர் முறை வந்த பிறகு இந்த அடிப்படைப் பராமரிப்பெல்லாம் வருகிற நர்ஸிங் ஃபவுண்டேஷன் பாடம் முதல் இரண்டு செமஸ்டரில் அடங்கிவிடுகிறது. மீதி ஆறு செமஸ்டரில் மெடிக்கல் சர்ஜிக்கல், குழந்தைகள், மனநலம், பிரசவம், நிர்வாகம், ஆராய்ச்சி என்று பிள்ளைகள் மேலே ஏறிப் போகிறார்கள். அந்த 'மேலே' என்ற எண்ணத்தில்தான் கோளாறு. ஒருவருக்குச் சோறு ஊட்டுவது ஏணியின் கீழ்ப்படி, வென்டிலேட்டர் பார்ப்பது மேல்படி என்று நாமே அவர்கள் மனசில் பதித்துவிடுகிறோம்.

அமெரிக்க நர்ஸிங் அறிஞர் வர்ஜீனியா ஹெண்டர்சன் பட்டியலிட்ட, மனுஷருக்கான பதினான்கு அடிப்படைத் தேவைகளை எங்கள் பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். மூச்சு விட, உண்ண, பருக, கழிவு வெளியேற, அசைய, தூங்க, உடுத்த... வழிபட, வேலை செய்ய, விளையாட, கற்றுக்கொள்ள வரை. உலக செவிலியர் கவுன்சில் 1960ல் வெளியிட்ட அவருடைய சிறு கைநூல் பல மொழிகளுக்குப் போனது. அவர் சொன்னதன் சாரம் இதுதான்: பலமோ மனசோ விவரமோ இருந்திருந்தால் அந்த மனுஷர் தனக்குத்தானே எதைச் செய்துகொள்வாரோ அதை நர்ஸ் செய்ய வேண்டும், சீக்கிரமே அவரே செய்துகொள்ளும்படியும் ஆக்க வேண்டும். ஆத்தாவுக்குப் பலம் இருந்தால் முதலில் என்ன செய்திருப்பார்? எட்டிப் பல் செட்டை எடுத்து மாட்டியிருப்பார்.

மூன்றாம் வருஷம் வரும்போது பிள்ளைகள் பாடத்திட்டத்தில் இல்லாத ஒன்றைக் கற்றுக்கொண்டிருப்பார்கள். அதன் பெயர் 'ஆயா வேலை'. உடம்பு துடைப்பது, துணி மாற்றுவது, யூரினல் எடுப்பது எல்லாம் அதில் சேர்த்தி. ஆயாம்மா இல்லையென்றால் அட்டெண்டர், அதாவது கூட இருக்கிற மகளோ மருமகளோ. நர்ஸுக்கு ஊசியும் ட்ரிப்பும் சார்ட்டும். இதில் சாதி இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அடுத்தவர் மலமூத்திரம் தொடுவது தாழ்ந்த வேலை என்கிற நினைப்பு நமக்கு நர்ஸிங் காலேஜில் வந்ததில்லை, வீட்டிலிருந்தே கொண்டுவந்தது. இந்தத் தொழிலுக்குப் பெண்ணை அனுப்பவே நம் குடும்பங்கள் பல தலைமுறை தயங்கியதற்கும் அது ஒரு காரணம். அனுப்ப ஆரம்பித்த பிறகும் தொடுகிற வேலையை மட்டும் கீழே தள்ளிவிட்டுவிட்டோம்.

தள்ளியபோது கூடவே என்ன போயிற்று தெரியுமா? பார்க்கிற கண் போயிற்று. உடம்பு துடைக்கும்போதுதான் குதிகாலின் சிவப்பு தெரியும். அழுத்தி எடுத்த பிறகும் வெளுக்காத சிவப்பு என்றால் புண் ஆரம்பித்துவிட்டது. ஊட்டும்போதுதான் எந்தப் பக்கக் கன்னத்தில் சோறு தேங்குகிறது, எந்த வாய்க்குப் பிறகு இருமுகிறார் என்று தெரியும். பெட்பேனை எடுக்கும்போதுதான் மூத்திரத்தின் நிறமும் வாடையும் தெரியும். ஸ்பாஞ்ச் பாத் முடிகிற நேரத்தில்தான் ஒரு பாட்டி "மகன் வரவே இல்லை" என்று சொல்ல ஆரம்பிப்பார். இவ்வளவையும் ஆயாம்மாவிடம் கொடுத்துவிட்டு, நர்ஸிங் அசெஸ்மென்ட் என்று ஒரு ஃபாரத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறோம்.

வாயைத் துடைத்தால் என்ன பெரிதாக ஆகிவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்கு ஒன்று. 2023 டிசம்பரில் 15 சோதனைகளை ஒன்றுசேர்த்து அலசிய ஓர் ஆய்வு வந்தது. தினமும் பல் துலக்கிவிடப்பட்ட நோயாளிகளுக்கு ஆஸ்பத்திரியில் தொற்றுகிற நிமோனியா மூன்றில் ஒரு பங்கு குறைவு. பலன் அதிகம் தெரிந்தது வென்டிலேட்டரில் இருந்தவர்களிடம். கீழ்ப்படி, மேல்படி என்றேனே, அந்த மேல்படியில்தான் பிரஷ்ஷுக்கு இத்தனை வேலை.

ஆள் பற்றாக்குறையைப் பேசாமல் இதை எழுதினால் என்னோடு வேலை பார்த்தவர்கள் சிரிப்பார்கள். நைட்டில் தனியாக 46 பேரைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு நானும் யாருக்கும் வாய் துடைக்கவில்லை. ஆனால் 2006ல் அமெரிக்காவில் பியாட்ரிஸ் காலிஷ் என்ற பேராசிரியர், நர்ஸுகள் எதையெல்லாம் விட்டுவிடுகிறார்கள், ஏன் விடுகிறார்கள் என்று அவர்களிடமே கேட்டார். விட்டவற்றில் நடக்க வைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, நேரத்துக்கு ஊட்டுவது, சுத்தம் எல்லாம் வந்தன. காரணங்களில் ஆள் இல்லை என்பதோடு கூட 'அது என் வேலை இல்லை' என்பதும், பழக்கம் என்பதும் இருந்தன. ஒரு நாள் விட்டால் மறுநாள் விடுவது சுலபம், அப்புறம் விட்டதே உறைக்காது. ஆள் பற்றாக்குறைக்கு அரசாங்கத்திடம் கேட்கலாம். பழக்கத்துக்கு என்னைத்தான் கேட்க வேண்டும், ஏனென்றால் மாணவிகளுக்கு அந்தப் பழக்கம் என் கண் முன்னால்தான் உண்டாகிறது. போஸ்டிங்கில் எட்டுப் பேரும் கேஸ் ஷீட்டைச் சுற்றி நின்று காப்பி எடுக்கும்போது நான் அட்டெண்டன்ஸ் போட்டுக்கொண்டிருந்தேனே!

இங்கிலாந்துக்குப் போன பழைய மாணவி ஒருத்தி முதல் வாரமே போன் பண்ணினாள். "மேம், இங்க கூட இருக்க சொந்தக்காரங்களே இல்லை. அசிஸ்டென்ட்டோட சேர்ந்து நானும்தான் குளிப்பாட்டுறேன். ஊட்டிவிட வேண்டியவங்களுக்குச் சிவப்பு ட்ரேல சாப்பாடு வருது." அந்த ஊர் மட்டும் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. ஸ்டாஃபோர்ட் ஆஸ்பத்திரியில் தண்ணீரைக் கைக்கு எட்டாத தூரத்தில் வைத்தார்கள், நனைந்த துணியிலேயே மணிக்கணக்கில் கிடக்கவிட்டார்கள் என்பதெல்லாம் 2013ல் வந்த ஃபிரான்சிஸ் விசாரணை அறிக்கையில் வெளியானது. நம் வார்டுகளில் அப்படி வெளியே தெரியாமல் இருப்பதற்கு ஒரே காரணம், பாயை விரித்துக் கட்டிலுக்கடியில் படுத்திருக்கிற மருமகள்கள்.

இப்போது என் குழுவுக்கு மட்டும் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறேன். வார்டுக்குப் போனதும் முதல் முக்கால் மணி நேரம் பேனா, நோட்டு, கேஸ் ஷீட் எதையும் தொடக் கூடாது. ஆளுக்கு ஒரு நோயாளி. வாய், உடம்பு, படுக்கை, சாப்பாடு, தண்ணீர், கழிவறை. நானும் ஒருவருக்குச் செய்வேன். கூட இருப்பவருக்கும் சொல்லிக் கொடுத்தபடி செய்ய வேண்டும், அவரைத் துரத்திவிட்டு அல்ல. அதற்கப்புறம்தான் எழுத்து வேலை. கடைசி வருஷத் தேர்விலும் இதற்கு மார்க் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன், எக்ஸாமினர் கட்டில் பக்கத்தில் நின்று பார்த்துப் போடுகிற மார்க். இன்னும் பதில் வரவில்லை. அதற்குள் ஒரு அப்பா காலேஜுக்கே வந்துவிட்டார். "இவ்வளவு ஃபீஸ் கட்டிப் படிக்க வைக்கிறது பீ அள்ளுறதுக்கா?" என்றார். அவருக்கு நான் சொன்ன பதில் அவருக்குப் பிடிக்கவில்லை.

ஆத்தாவுக்கு ஒன்பதாம் நாள் ஆபரேஷன். தியேட்டருக்கு அனுப்பும்போது பல் செட்டைக் கழற்றியாக வேண்டும். கேர் பிளான் எழுதிய அதே பெண் அதைக் கழுவி, டப்பாவில் தண்ணீர் விட்டுப் போட்டு, மூடி மேல் பிளாஸ்டர் ஒட்டிப் பெயரும் கட்டில் நம்பரும் எழுதித் தன்னிடமே வைத்துக்கொண்டாள். மருமகள் கேட்டதற்கும் தரவில்லை. டியூட்டி ஒரு மணிக்கு முடிந்தது. ஆத்தா நன்றாகத் தெளிந்து, மென்று சாப்பிட ஆரம்பிக்கலாம் என்று சிஸ்டர் சொன்னபோது ராத்திரி எட்டேகால். ஹாஸ்டல் வார்டனுக்கு நான்தான் போன் பண்ணிச் சமாளிக்க வேண்டியிருந்தது.