ஆறு வார ஆன்லைன் கோர்ஸ் முடித்தால் ஆக்குபேஷனல் தெரபி அசிஸ்டென்ட் ஆகிவிடலாமா?

நோயோ காயமோ வந்தவர்களை அன்றாட வேலைகளைத் தாங்களே செய்யப் பழக்கும் சிகிச்சைதான் ஆக்குபேஷனல் தெரபி. அமெரிக்காவில் ஆறு வார ஆன்லைன் கோர்ஸ் முடித்தாலே ஆக்குபேஷனல் தெரபி அசிஸ்டென்ட் ஆகிவிடலாம், தனியாகவே நோயாளிகளைப் பார்க்கலாம் என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. இதை நம்பி யாரும் பணம் கட்டிவிடக் கூடாது.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், அங்கே ஆக்குபேஷனல் தெரபி எய்ட் என்று இன்னொரு வேலை இருக்கிறது. உபகரணங்களை எடுத்து வைப்பது, இடத்தைத் தயார் செய்வது மாதிரியான பணிகள், பள்ளிப் படிப்பு முடித்திருந்தால் வேலையில் சேர்ந்து அங்கேயே பழகிக்கொள்ளலாம். அசிஸ்டென்ட் அப்படியல்ல. ஏகோட் (ACOTE, அங்கே இந்தத் துறைப் படிப்புகளை அங்கீகரிக்கும் அமைப்பு) அங்கீகாரம் பெற்ற படிப்பு வேண்டும், பெரும்பாலும் இரண்டு ஆண்டு அசோசியேட் டிகிரி. அதில் கடைசிக் கட்டக் களப்பயிற்சி மட்டுமே முழுநேரமாகக் குறைந்தது 16 வாரம். பக்கவாதம் வந்தவர் ஒரு கையால் சட்டை பொத்தான் போட மறுபடியும் பழகும்போது எங்கே தாங்க வேண்டும், எப்போது கையை எடுத்துவிட வேண்டும் என்பதை அவர் பக்கத்தில் நின்றுதானே கற்க முடியும்? பாடங்களில் ஒரு பகுதியை ஆன்லைனில் நடத்தும் கல்லூரிகள் உண்டு, ஆனால் களப்பயிற்சிக்கு நேரில் போயே ஆக வேண்டும்.

அப்புறம் என்பிகாட் (NBCOT, இந்தத் துறையினருக்குச் சான்றிதழ் தரும் வாரியம்) நடத்தும் தேசியத் தேர்வு, மாநில உரிமம். இவ்வளவும் முடித்த பிறகும் மதிப்பீடு செய்து சிகிச்சைத் திட்டம் வகுக்கும் பொறுப்பு தெரபிஸ்டுடையது. அசிஸ்டென்ட் அவருடைய மேற்பார்வையில்தான் சிகிச்சை தருகிறார்.

சேரும் முன் அந்தப் படிப்பின் பெயர் ஏகோட் பட்டியலில் இருக்கிறதா என்று தயவுசெய்து பாருங்கள். இல்லையென்றால் அந்தத் தேர்வையே எழுத முடியாது.