கேட்டுவிட்டுச் சும்மா நிற்பது

ஸ்பானியப் பத்திரிகையாளர் ஜோர்டி எவோலேயைப் பற்றி எழுதுகிறவர்கள் அவருடைய பெரிய பேட்டிகளைத்தான் வரிசையாகச் சொல்வார்கள். போப் பிரான்சிஸ், வெனிசுவேலா அதிபராக இருந்த மதுரோ என்று போகும் அந்த வரிசை. என் கணக்கில் அவருடைய ஆகச் சிறந்த பேட்டி, எதிராளி வாயே திறக்காத பேட்டிதான்.

2013 ஏப்ரல் 28, ஞாயிறு இரவு. லா செக்ஸ்தா சேனலில் அவருடைய 'சல்வாதோஸ்' நிகழ்ச்சி. வலென்சியா பிராந்திய சட்டமன்றத்தின் சபாநாயகர் ஹுவான் கொத்தினோ ஒரு பொது இடத்தில் நடந்து போகிறார். பக்கத்திலேயே மைக்கோடு எவோலே. மெட்ரோ விபத்தைப் பற்றிக் கேட்கிறார். பதில் இல்லை. மறுபடி கேட்கிறார். கொத்தினோ வேறு பக்கம் பார்க்கிறார், நடக்கிறார். எவோலே குரலை உயர்த்தவில்லை, வழியை மறிக்கவில்லை. கேட்கிறார், காத்திருக்கிறார், அடுத்ததைக் கேட்கிறார்.

பின்னணி தெரியாவிட்டால் இது சாதாரணத் துரத்தலாகத் தோன்றும். 2006 ஜூலை 3 அன்று மதியம், வலென்சியா மெட்ரோவின் முதலாம் வழித்தடத்தில், ஹெசூஸ் நிலையத்துக்கு அருகே ரயில் தடம் புரண்டது. 43 பேர் இறந்தார்கள், 47 பேருக்குக் காயம். மணிக்கு 40 கி.மீ. என்று வரம்பு போட்ட வளைவில் ரயில் 80-ல் போயிருந்தது. ஓட்டுநரும் இறந்துபோனார். சட்டமன்ற விசாரணைக் குழு சில நாளிலேயே வேலையை முடித்து, எல்லாப் பழியையும் வேகத்தின் மேல் போட்டது. வேகம் உண்மைதான். அந்த வேகத்தைத் தடுக்க ஏன் எதுவும் இல்லை என்பதுதான் கேட்கப்படாத கேள்வி. தண்டவாளத்தில் பதிக்கும் பலிசா என்ற சின்னக் கருவி ஒன்று உண்டு. ரயில் அதன் மேல் போகும்போது வேகத்தைச் சரிபார்க்கும், வரம்பு தாண்டியிருந்தால் தானாகப் பிரேக் போடும். அந்த வளைவில் வேகத்தைப் பிடிக்கும்படி அப்படி ஒன்று வைத்திருக்கவில்லை.

விபத்து நடந்தபோது கொத்தினோ பிராந்திய அமைச்சர். அதன் பிறகு அவர் தங்கள் வீட்டுக்கு வந்து, வழக்குக்குப் போகாமலிருக்க வேலை வாங்கித் தருவதாகப் பேசினார் என்று இறந்தவர்களின் உறவினர்கள் அதே நிகழ்ச்சியில் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் அந்த நடை. பார்க்கிறவருக்குக் கேள்வி ஏற்கெனவே தெரியும். பதில் வராத ஒவ்வொரு விநாடியும் பதிலாகிவிடுகிறது.

இந்த வகைப் படப்பிடிப்பு பார்க்க எளிது, எடுக்கத் தெரியாவிட்டால் கேலிக்கூத்து. முதலில் முறைப்படி பேட்டி கேட்க வேண்டும். மறுத்த பிறகுதான் பொது இடத்தில் அணுகலாம், இல்லாவிட்டால் "என்னிடம் கேட்கவே இல்லையே" என்று ஒரே வரியில் தப்பிவிடுவார்கள். ஒரு கேள்விக்குள் ஒரு விஷயம்தான் இருக்க வேண்டும். இரண்டைச் சேர்த்துக் கேட்டால் சுலபமானதற்குப் பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். கேமராமேன் முன்னால் பின்னோக்கி நடக்க வேண்டும், இரண்டு முகமும் ஒரே ஃபிரேமில் இருக்க வேண்டும். கேட்பவர் கத்தினால் ஆட்டம் முடிந்தது, பார்வையாளரின் இரக்கம் நொடியில் எதிராளி பக்கம் போய்விடும். எல்லாவற்றையும் விட முக்கியம், எடிட்டிங்கில் மௌனத்தை வெட்டக் கூடாது. இரண்டு விநாடிக்கு மேல் யாரும் பேசாவிட்டால் இசை போடுவதோ வேறு காட்சிக்குத் தாவுவதோ டிவிக்காரர்களின் பழக்கம். அங்கே தாவியிருந்தால், அவர் ஏதாவது சொல்லியிருப்பாரோ, இவர்கள் வெட்டிவிட்டார்களோ என்று சந்தேகம் வந்திருக்கும்.

அடுத்த வாரமே, மே 3 அன்று, வலென்சியாவின் விர்ஹென் சதுக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். இங்கே எவோலே ரசிகர்களோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. பாதிக்கப்பட்டோர் சங்கம் ஒவ்வொரு மாதமும் 3-ஆம் தேதி அதே சதுக்கத்தில் ஏழு வருடமாக நின்றுகொண்டிருந்தது. உள்ளூரில் சின்னக் குழு ஒன்று ஆவணப்படமே எடுத்திருந்தது. தரவு, சாட்சி, ஆவணம் எல்லாம் அவர்கள் சேர்த்தது. எவோலே கொண்டுவந்தது ஞாயிற்றுக்கிழமை இரவின் தேசியத் திரையை. அது சின்ன விஷயமில்லை, ஆனால் இது அவர் 'கண்டுபிடித்த' கதை என்று எழுதுவது அநியாயம். வழக்கு மறுபடி உயிர்பெற்றது. 2020 ஜனவரியில் மெட்ரோ நிறுவனத்தின் முன்னாள் நிர்வாகிகள் நான்கு பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டு 22 மாதத் தண்டனை ஏற்றார்கள்.

ஆள் இந்த இடத்துக்கு வந்த வழியும் வேடிக்கையானது. 1974-ல் பார்சிலோனாவை ஒட்டிய கோர்னெயாவில் பிறந்தவர். தெற்கிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் நிறைந்த ஊர் அது. ஆந்த்ரெயு புவெனாஃபுவெந்தேயின் நகைச்சுவை நிகழ்ச்சிக்கு ஸ்கிரிப்ட் எழுதப் போனவரைப் பார்வையாளர் வரிசையில் உட்காரவைத்து, நடுவில் எழுந்து வம்பு பண்ணச் சொன்னார்கள். 'எல் ஃபொயோனேரோ', கலாட்டா பேர்வழி. அந்தப் பெயரோடுதான் 2008 தேர்தல் நேரத்தில் 'சல்வாதோஸ்' தொடங்கியது. ஆரம்ப நிகழ்ச்சிகளில் குறும்புதான் அதிகம். மெல்ல மெல்லக் குறும்பைக் குறைத்து, எதுவும் தெரியாத பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி கேட்கும் தோரணையை மட்டும் வைத்துக்கொண்டார். மின்கட்டணம் ஏன் ஏறுகிறது என்பதை ஒரு முழு நிகழ்ச்சியாக எடுத்தது அப்படித்தான்.

2015 அக்டோபரில், அப்போது புதிதாக எழுந்த இரண்டு கட்சிகளின் தலைவர்களான பாப்லோ இக்லேசியாஸையும் ஆல்பர்ட் ரிவேராவையும் பார்சிலோனாவின் நோவு பாரிஸ் பகுதியில் ஒரு பாரில், காப்பி மேசையில் உட்காரவைத்தார். ஸ்பெயினில் தேர்தல் விவாதம் என்றால் மேசையின் அளவு, கேமரா கோணம், யார் முதலில் பேசுவது, யாருக்கு எத்தனை விநாடி என்று கட்சிகள் பேரம் பேசும். 1993-க்குப் பிறகு பிரதமர் வேட்பாளர்களின் நேருக்கு நேர் விவாதம் 2008 வரை நடக்கவே இல்லை. பாரில் கடிகாரமில்லை. மனப்பாடம் செய்த ஒரு நிமிடப் பேச்சை அங்கே ஒப்பிக்க முடியாது, எதிரே இருப்பவர் இடையில் புகுந்துவிடுவார். 50 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள்.

சறுக்கல் என்றால் 2014 பிப்ரவரி 23, 'ஒபரேசியோன் பாலஸ்'. 1981-ல் அதே தேதியில் லெப்டினன்ட் கர்னல் தெஹேரோ துப்பாக்கியோடு நாடாளுமன்றத்துக்குள் புகுந்த ராணுவப் புரட்சி முயற்சி ஒரு நாடகம், அதை இயக்கியவர் ஆஸ்கர் வென்ற ஹோசே லூயிஸ் கார்சி என்று ஒரு பொய் ஆவணப்படம். கார்சி மட்டுமல்ல, நிஜ அரசியல்வாதிகளும் இன்யாக்கி கபிலோந்தோ போன்ற மூத்த பத்திரிகையாளர்களும் முகம் காட்டிப் பொய் சொன்னார்கள். கடைசியில் உண்மையை உடைத்தார்கள்.

தொழில் சுத்தத்தில் குறையே இல்லை. என் மனத்தாங்கல் வேறு. முடிவில் ஒரு காரணம் சொன்னார்கள்: உண்மைக் கதையைச் சொல்ல ஆசைப்பட்டோம், ஆனால் குற்றம் சாட்டப்பட்டவர் இறந்து 25 வருடமோ சம்பவம் நடந்து 50 வருடமோ ஆகும்வரை வழக்கு ஆவணங்களைப் பார்க்க உச்ச நீதிமன்றம் அனுமதிக்கவில்லை. ஒரு முழு நிகழ்ச்சிக்கு உரிய விஷயம். அதை வால் மாதிரி ஒட்டிவிட்டு, முக்கால்வாசி நேரத்தை விளையாட்டுக்குக் கொடுத்தார்கள். மறுநாள் எல்லோரும் "நான் நம்பினேன், நீ நம்பினாயா" என்று பேசினார்களே தவிர, ஆவணங்களைப் பற்றிப் பேச்சு குறைவு. முந்தைய வருடம் வலென்சியாவில் சேர்த்த நம்பிக்கைதான் அன்று செலவானது.

மௌனம் தோற்கிற இடமும் உண்டு. மதுரோ பேட்டிகளைப் பாருங்கள். எவோலே தயாராகத்தான் போனார். ஆனால் மணிக்கணக்கில் மேடையில் பேசிப் பழகியவருக்கு இடைவெளி விட்டால் அவரே அதை நிரப்பிவிடுவார். அங்கே காத்திருப்பதால் பயனில்லை, குறுக்கே பேச வேண்டும், அது எவோலேயின் பலமல்ல. போப்பிடம் வேறு உத்தி. ஸ்பெயினின் ஆப்பிரிக்க எல்லை வேலியில் போட்டிருக்கும் பிளேடு முள்கம்பியின் ஒரு துண்டை எடுத்துப்போய்க் காட்டினார். அகதிகளைப் பற்றிக் கேள்வியாகக் கேட்டிருந்தால் தயார் செய்த பதில் வந்திருக்கும். கம்பியைப் பார்த்தவர் கலங்கினார்.

2019-ல் 'சல்வாதோஸை' கோன்சோ என்ற பத்திரிகையாளரிடம் கொடுத்துவிட்டு, அடுத்த வருடம் 'லோ தெ எவோலே' தொடங்கினார். புதிதாகப் பார்க்கிறவர்கள் அதில் ஆரம்பிக்க வேண்டாம். மெட்ரோ விபத்து நிகழ்ச்சியின் பெயர் 'லோஸ் ஒல்விதாதோஸ்', மறக்கப்பட்டவர்கள் என்று அர்த்தம். அதைத் தேடிப் பாருங்கள். ஸ்பானிஷ் தெரியாதே என்று தயங்க வேண்டாம், கொத்தினோ நடந்து போகும் காட்சிக்கு சப்டைட்டில் தேவைப்படாது.